பிடிபட்ட காரின் விலை

பெங்களூருவில் போலீஸாரோ போக்குவரத்துத் துறையினரோ ஒரு காரைப் பிடித்து வைத்துவிட்டால், அதை மீட்க எவ்வளவு ஆகும்? சுமார் இரண்டாயிரம் ரூபாயில் முடிந்த வழக்குகள் உண்டு. ஒன்றரைக் கோடியை நெருங்கிய வழக்கும் உண்டு. ‘வேண்டாம், அங்கேயே கிடக்கட்டும்’ என்று உரிமையாளர் கைகழுவிய வண்டிகளையும் நகரத்துக் காவல் நிலையச் சுற்றுச்சுவர்களை ஒட்டிப் பார்க்கலாம். டயர் மண்ணில் புதைந்து, கண்ணாடிமேல் வாதுமை இலை மக்கிக் கிடக்கும்.

ஒரு கோடிக்கும் மேல் வாகனங்கள் பதிவான இந்த நகரத்தில் இந்தக் கேள்வி எந்தக் காலையிலும் எவர் வீட்டு வாசலுக்கும் வரக்கூடியது. ஆனாலும் மக்கள் அபராதத் தொகையைப் பற்றியே பேசுகிறார்கள். சட்டத்தையும் தீர்ப்புகளையும் நகரத்தின் சமீபத்திய அனுபவங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பெரும்பாலான வழக்குகளில் அபராதம்தான் மிகச் சிறிய செலவு என்று தெரிகிறது. எந்தச் சட்டப்பிரிவில் வண்டி பிடிபட்டது என்பது அது எந்த அலுவலகத்துக்குப் போகும் என்பதை முடிவு செய்கிறது. அங்கே எத்தனை நாள் கிடக்கிறது என்பது உண்மையான விலையை முடிவு செய்கிறது.

மூன்று வாசல்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் கார் நம் கையை விட்டுப் போகப் பல வழிகள் இருக்கின்றன. தடை செய்யப்பட்ட இடத்தில் நிறுத்தினாலோ, பத்து மணி நேரத்துக்கு மேல் பொது இடத்தில் அநாதையாக விட்டாலோ, சீருடையிலுள்ள போலீஸ் அதிகாரியின் உத்தரவின் பேரில் வண்டியை இழுத்துச் செல்லவும் சக்கரத்துக்குப் பூட்டுப் போடவும் 127-ஆம் பிரிவு இடம் தருகிறது. இழுத்த செலவு உரிமையாளர் தலையில் விழும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. லைசென்ஸ் இல்லாமல், உரிய வயதில்லாமல், பதிவு இல்லாமல், பெர்மிட் இல்லாமல் ஓட்டப்பட்ட வண்டியைப் பிடித்து வைக்கும் அதிகாரம் 207-ஆம் பிரிவில் இருக்கிறது. அதில் பிடிபட்ட வண்டியை உரிய ஆவணங்களுடன் போக்குவரத்து அதிகாரியிடம் விண்ணப்பித்து மீட்கலாம். விபத்து, திருட்டு, கடத்தல் போன்ற குற்ற வழக்கில் சிக்கிய வண்டியோ சான்றுப் பொருளாகிவிடுகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் அது கைப்பற்றப்படும். அதன் பிறகு மாஜிஸ்திரேட் சொன்னால்தான் வெளியே வரும்.

ஆக, போக்குவரத்துக் காவல் நிலையத்தின் மேசை, ஆர்.டி.ஓ. அலுவலகம், நீதிமன்றம் என்று மூன்று வாசல்கள். முதல் வாசலில் கணக்கு மணிகளில் முடியும். இரண்டாவதில் பணமும் காகிதமும் சேர்ந்த அன்று முடியும். மூன்றாவதில் வாரங்கள், சில சமயம் வருடங்கள். ஸ்டேஷனில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எவ்வளவு கட்டணும்?’ என்பதல்ல, ‘எந்தப் பிரிவு சார்?’ என்பதுதான். அதை எழுத்தில் வாங்குவது, வண்டியின் நான்கு பக்கத்தையும் கிலோமீட்டர் எண்ணையும் படமெடுப்பது, உள்ளே இருக்கும் பொருள்களைப் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்குவது ஆகிய மூன்றும் பிற்பாடு எந்த வாசலுக்குப் போனாலும் உதவும்.

டைகர் வண்டி போன கதை

முதல் வாசலின் வரலாறு பெங்களூருவில் கசப்பானது. நோ பார்க்கிங் வண்டிகளைத் தூக்கிச் செல்லும் லாரிக்கு நகரத்தில் ‘டைகர்’ என்று பெயர். லாரியும் ஆட்களும் தனியார் ஏஜென்சியுடையவை. கூடவே ஒரு போலீஸ்காரர் இருப்பார். இருசக்கர வாகனம் என்றால் 1,000 ரூபாய் அபராதமும் 650 ரூபாய் டோயிங் கட்டணமுமாக 1,650 ஆனது. கார் என்றால் சுமார் 2,000. அபராதம் அரசுக்கும், இழுவைக் கட்டணம் ஏஜென்சிக்கும் போயின. கோளாறின் வேர் இந்தப் பங்கீட்டில்தான் இருந்தது. தூக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் காசு என்றால், போக்குவரத்துக்கு இடைஞ்சலான வண்டியைத் தேடுவதை விட எளிதில் தூக்கக்கூடிய வண்டியைத் தேடுவதே லாபம். பிரதான சாலையில் கோணலாக நிற்கும் கனரக வண்டி நின்றபடியே இருக்க, சந்தில் ஒதுங்கி நிற்கும் ஸ்கூட்டர்கள் லாரியேறின.

2022 ஜனவரியில் டோயிங் லாரிக்குப் பின்னால் இளைஞர் ஒருவர் கெஞ்சிக்கொண்டே ஓடும் காட்சி பரவியது. அதையொட்டி, டோயிங் தகராறில் மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவரைத் தாக்கியதற்காக உதவி சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார். பிப்ரவரி தொடக்கத்தில் பசவராஜ் பொம்மை அரசு டோயிங்கை நிறுத்தி வைத்தது. புதிய விதிமுறை வரும்வரை என்று சொல்லப்பட்ட தற்காலிக நிறுத்தம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. சக்கரப் பூட்டும் கேமரா சலானும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பின. உள்துறை அமைச்சர் ஜி. பரமேஸ்வரா 2025 ஜூலையில் டோயிங் மீண்டும் வரும் என்று அறிவித்தபோது நகரம் இரண்டுபட்டது. சாலையை அடைத்து நிற்கும் கார்களைப் பார்த்துச் சலித்தவர்கள் வரவேற்றார்கள். பழைய லாரிகளை நினைவில் வைத்திருந்தவர்கள் பயந்தார்கள். இரு தரப்பும் சொல்வது உண்மைதான். வண்டியை அகற்றும் அதிகாரம் நகரத்துக்குத் தேவை. எத்தனை வண்டி தூக்கினோம் என்பதை வைத்து யாருக்கும் வருமானம் வரக்கூடாது என்பது அந்த அதிகாரத்துக்கு முதல் நிபந்தனை.

அபராத பாக்கி வேறொரு சிக்கல். 50,000 ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்களின் வீட்டுக் கதவைப் போக்குவரத்து போலீஸாரே தட்டிய காலம் 2024. வண்டியின் சந்தை விலையைப் போல் பல மடங்கு, மூன்று லட்சத்துக்கும் மேல் அபராதம் குவிந்த ஸ்கூட்டர் ஒன்று அப்போது செய்தியானது. 2023 பிப்ரவரியில் ஐம்பது சதவீதத் தள்ளுபடி அறிவித்ததும் ஒன்பது நாளில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. மக்கள் கட்ட மறுத்தவர்கள் அல்ல, கட்டக்கூடிய தொகைக்காகக் காத்திருந்தவர்கள் என்பதை அந்த வசூல் காட்டியது. ஆனால் வண்டியைப் பிடித்து வைக்க 207-ஆம் பிரிவு அடுக்கும் காரணங்களில் அபராத பாக்கி என்று ஒன்று இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வரி கட்டாத ஃபெராரி

இரண்டாவது வாசலில் கோடிகள் புழங்குகின்றன. 2025 ஜூலையில் பெங்களூரு தெற்கு ஆர்.டி.ஓ. அதிகாரிகள் மகாராஷ்டிரப் பதிவெண் கொண்ட சிவப்பு ஃபெராரி எஸ்.எஃப். 90 ஒன்றைப் பிடித்தார்கள். ஏழரைக் கோடி ரூபாய் மதிப்புள்ள கார். வரியும் தண்டமுமாகச் சுமார் 1 கோடியே 42 லட்சம் ரூபாயை உரிமையாளர் கட்டினார், கார் திரும்பியது. அதே ஆண்டு பிப்ரவரியில் போர்ஷே, பி.எம்.டபிள்யூ., ரேஞ்ச் ரோவர் என்று முப்பது சொகுசுக் கார்கள் ஒரே நாள் சோதனையில் பிடிபட்டிருந்தன. 2021 ஆகஸ்டில் யு.பி. சிட்டி அருகே பிடிபட்ட கார்களுள், அமிதாப் பச்சனிடமிருந்து கைமாறிய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்றும் இருந்தது.

இப்படி நடப்பதற்குக் காரணம் மாநிலங்களின் வரி வித்தியாசம். கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அதன்மேல் செஸ். மகாராஷ்டிரத்தில் வரிக்கு நீண்ட காலம் 20 லட்சம் ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. ஏழரைக் கோடிக் காருக்கு இரண்டு மாநிலத்துக்கும் நடுவே ஒரு கோடிக்கு மேல் வித்தியாசம் விழுகிறது. பெங்களூருச் சாலைகளில் புதுச்சேரி எண்பலகையுடன் சொகுசுக் கார்கள் ஓடுவதன் ரகசியமும் இதுதான்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக வேலைக்கு வந்து போகும் டி.என். 70 காரும் இதே வலையில் சிக்குவதால் தமிழ் வாசகருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. வேறு மாநிலத்துக்குப் போன வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே தங்கினால் புதிய எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. கர்நாடகமோ 2014-இல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, முப்பது நாள் தாண்டினாலே ஆயுள் வரி என்றது. அந்தத் திருத்தத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2016-இல் ரத்து செய்தார். சோதனையில் நிறுத்தப்படும் வெளிமாநிலக் கார்க்காரர், தான் எப்போது எல்லை கடந்து வந்தார் என்பதைச் சுங்கச்சாவடி ரசீது, ஃபாஸ்டாக் கணக்கு, சர்வீஸ் பில் போன்றவற்றால் காட்ட முடிந்தால் வாதத்துக்கு வலு. காட்ட முடியாதவர் அதிகாரியின் கணக்கை ஒப்புக்கொண்டு கட்டுகிறார்.

மாஜிஸ்திரேட்டின் மேசை

நீதிமன்ற வாசலுக்குப் போகும் வழக்குகளில் எளியது குடித்துவிட்டு ஓட்டியது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-ஆம் பிரிவு. முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெங்களூருவில் வண்டி ஸ்டேஷனுக்குப் போகும். நீதிமன்றத்தில் அபராதம் கட்டிய ரசீதைக் காட்டி எடுத்து வருவது வழக்கம். இந்த வழக்கத்தின் சட்ட அடிப்படையைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2021 நவம்பரில் கேள்விக்கு உட்படுத்தியது. குடித்தவரை ஓட்ட விடக்கூடாது. ஆனால் கூட வந்தவர் குடிக்காதவராக, லைசென்ஸ் உள்ளவராக இருந்தால் வண்டியை அவரிடம் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் உறவினரை அழைக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. கர்நாடகத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயத்தின் அளவுகோலைக் காட்டுகிறது.

விபத்து வழக்கு இதைவிடச் சிக்கலானது. விபத்துக்குள்ளான வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் சோதிக்க எடுத்துப் போகலாம். நடைமுறைகள் முடிந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது 136-ஆம் பிரிவு. ஆனால் எஃப்.ஐ.ஆர். பதிவானதும் வண்டி சான்றுப் பொருளாகி, அந்த இருபத்துநான்கு மணி நேரம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாத கார் என்றால் கதவு இன்னும் இறுக்கமாகப் பூட்டப்படும். பாதிக்கப்பட்டவருக்குக் கிடைக்கக்கூடிய இழப்பீட்டுக்கு ஈடாக உத்தரவாதம் கட்டாதவரை அத்தகைய வண்டியை விடக்கூடாது. மூன்று மாதத்தில் கட்டாவிட்டால் ஏலம் விட்டுப் பணத்தை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும் என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது. சில ஆயிரம் ரூபாய் பிரீமியத்தை மிச்சம் பிடித்தவர் லட்சங்களுக்குப் பொறுப்பேற்கும் இடம் இது.

மற்ற குற்ற வழக்குகளில் உரிமையாளருக்குக் கைகொடுப்பது 2002 அக்டோபர் 1-ஆம் தேதித் தீர்ப்பு: சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் எதிர் குஜராத் மாநிலம். காவல் நிலையத்தில் இருந்த சான்றுப் பொருள்களைப் போலீஸாரே மாற்றிவிட்டார்கள், கையாடிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டிலிருந்து கிளம்பிய வழக்கு அது. வாகனங்களை ஸ்டேஷனில் நெடுங்காலம் போட்டு வைப்பதால் யாருக்கும் பயனில்லை. புகைப்படம் எடுத்து, பஞ்சநாமா எழுதி, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு உடனே இடைக்காலமாக ஒப்படைக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கைப்பற்றிய பொருள் ஸ்டேஷனில் கிடக்கக்கூடிய அதிகபட்ச காலம் பதினைந்து நாளிலிருந்து ஒரு மாதம் என்றும் வரையறுத்தது. போதைப்பொருள் வழக்குகளில் இது செல்லாது என்று கீழ் நீதிமன்றங்கள் பல காலம் கைவிரித்து வந்தன. 2025 ஜனவரியில் பிஸ்வஜித் டே வழக்கில், அவற்றிலும் இடைக்கால ஒப்படைப்புக்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

புதிய சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவு இந்தத் தீர்ப்பின் சாரத்தைச் சட்டமாக்கியிருக்கிறது. பொருள் நீதிமன்றத்தின் முன் வந்த பதினான்கு நாளில் விவர அறிக்கை தயாராக வேண்டும், படமெடுக்க வேண்டும், அதன்பின் முப்பது நாளுக்குள் அதை என்ன செய்வது என்று உத்தரவிட வேண்டும். நாற்பத்துநான்கு நாள் நீண்ட காலம்தான். ஆனாலும் கெடு என்று ஒன்று சட்டத்தில் ஏறியது பெரிய மாற்றம். கெடு தவறினால் என்ன என்பதைத்தான் சட்டம் சொல்லவில்லை.

ஊரடங்கு வைத்த பரீட்சை

இந்த முழு அமைப்பின் கொள்ளளவு 2020 வசந்தத்தில் வெளிப்பட்டது. கொரோனா ஊரடங்கை மீறியதாகப் பெங்களூரு போலீஸார் பல்லாயிரம் வாகனங்களைப் பிடித்தார்கள். ஸ்டேஷன் வளாகம் நிரம்பி, மைதானம் நிரம்பி, சாலையோரமும் நிரம்பியது. வழக்கமான முறைப்படி ஒவ்வொரு வண்டிக்கும் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். நீதிமன்றங்களோ மூடிக் கிடந்தன. கடைசியில் தலைமை நீதிபதி அபய் ஓகா தலைமையிலான கர்நாடக உயர் நீதிமன்ற அமர்வு ஏப்ரல் இறுதியில் வழி திறந்தது: நான்கு சக்கர வாகனத்துக்கு 1,000 ரூபாயும் இருசக்கர வாகனத்துக்கு 500 ரூபாயும் வாங்கிக்கொண்டு, பத்திரம் எழுதிப் பெற்று, போலீஸாரே விடுவிக்கலாம். மே 1 முதல் வண்டிகள் வீடு திரும்பின.

அசாதாரண காலத்துக்கான ஏற்பாடு என்று அதை மறந்துவிட்டோம். மறக்கக் கூடாத பாடம் அதில் இருக்கிறது. சிறிய மீறலுக்குப் பிடித்த வண்டியை நீதிமன்றத்துக்கு இழுக்காமல், தெரிந்த தொகைக்கும் ஒரு பத்திரத்துக்கும் ஸ்டேஷனிலேயே திருப்பித் தர முடியும். அதனால் வழக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை, சட்டம் ஒழுங்கும் சரியவில்லை.

காவலில் கெட்டால் யார் பொறுப்பு?

அரசின் பிடியிலிருக்கும் பொருள் கெட்டாலோ காணாமல் போனாலோ அரசு பதில் சொல்லுமா? 1964-இல் கஸ்தூரிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. 1947-இல் மீரட் போலீஸார் ஒரு வியாபாரியிடம் பிடித்த தங்கத்தை ஹெட் கான்ஸ்டபிள் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். போலீஸ் வேலை இறையாண்மை சார்ந்த செயல் என்பதால் அரசு தப்பியது. மூன்றே ஆண்டில், 1967-இல், பிடித்த லாரிகளை மேல்முறையீடு முடியுமுன் கைமாற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் குஜராத் அரசைப் பொறுப்பாக்கியது: திருப்பித் தர வேண்டியிருக்கலாம் என்று தெரிந்து வைத்திருக்கும் பொருளுக்கு அரசு ஒப்படைப்புப் பெற்றவரின் இடத்தில் நிற்கிறது.

மூன்றாவது வழக்கு கர்நாடகத்தினுடையது. பசவ்வா என்ற பெண்ணின் வீட்டில் திருடுபோய் மீட்கப்பட்ட நகைகள் காவல் நிலையத்துப் பெட்டியிலிருந்து மறுபடி திருடுபோயின. மாநில அரசு அவற்றின் மதிப்பைத் தர வேண்டும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுந்தர்பாய் தீர்ப்பு சாய்ந்து நிற்கும் தூண் அந்தப் பசவ்வா வழக்குதான். எலி கடித்த வயரிங்குக்கும் காணாமல் போன ஸ்டீரியோவுக்கும் இந்தத் தத்துவம் பொருந்தும். ஆனால் பத்தாயிரம் ரூபாய் சேதத்துக்காக எந்த நடுத்தரக் குடும்பமும் அரசை எதிர்த்து வழக்காடப் போவதில்லை. ஆகவே உரிமை புத்தகத்தில் இருக்க, பழுதுபார்ப்புச் செலவு உரிமையாளர் கணக்கில் ஏறுகிறது.

ரசீது இல்லாத செலவுகள்

இனிக் கூட்டிப் பார்க்கலாம். வக்கீல் கட்டணம், பிணைக்காரர், பத்திரம், பிரமாணப் பத்திரம் என்பவை கண்ணுக்குத் தெரிபவை. மழையில் ஒரு மாதத்துக்கு மேல் நின்ற காரின் பேட்டரி இறங்கும், டயர் அமுங்கும், பிரேக் இறுகும். நின்ற காலத்தில் இன்ஷூரன்ஸ் முடிந்து தொண்ணூறு நாள் கடந்தால் ‘நோ கிளெய்ம்’ தள்ளுபடி போய்விடும். புகைச் சான்றும் காலாவதியானால், மீட்ட வண்டியை ஓட்டி வரவும் முடியாது, இழுத்துத்தான் வர வேண்டும். வங்கித் தவணை ஒரு மாதமும் நிற்காது. நாளொன்றுக்கு 1,200 ரூபாய் கையில் நிற்கும் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர், சட்டம் சொல்லும் நாற்பத்துநான்கு நாளுக்கு வண்டியை இழந்தால் 52,800 ரூபாய் போகிறது. அவர் கட்டும் அபராதம் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

அறுபதாயிரம் ரூபாய்கூடத் தேறாத பதினைந்து வருஷத்துக் காரின் சொந்தக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கும் வண்டிகளில் பெரும்பங்கு பழைய, மலிவான வண்டிகளாக இருப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஃபெராரிக்காரரிடம் கோடி கேட்ட அமைப்பு அவரை ஒரு நாளில் அனுப்பிவிட்டது. ஓட்டை மாருதிக்காரரிடம் சில ஆயிரம் கேட்ட அமைப்பு காரையே எடுத்துக்கொண்டது. பணமாகக் கேட்கும் தண்டனை வசதிக்கேற்ப மாறலாம். நாளாகக் கேட்கும் தண்டனை நாளை விற்றுப் பிழைப்பவரிடம்தான் அதிகம் பிடுங்குகிறது.

வெளிநாடுகளில் இது மலிவு என்பதில்லை. லண்டனில் இழுத்துச் சென்ற காரை மீட்க 2025 ஏப்ரல் முதல் 280 பவுண்டு, வைப்புக் கட்டணம் நாளுக்கு 55 பவுண்டு. சிகாகோவில் அபராதம் கட்ட முடியாமல் காரை இழந்தவர்கள் திவால் மனுப் போட்டு மீட்கப் பார்த்தார்கள். மனுப் போட்டதாலேயே நகராட்சி காரைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொல்லிவிட்டது. லண்டனிடமிருந்து பெங்களூரு எடுத்துக்கொள்ளக்கூடியது கட்டணத்தை அல்ல, அது முன்கூட்டியே அச்சில் இருப்பதை. கார் போன அன்றே, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதிக்குள் என்பது லண்டன்காரருக்குத் தெரியும்.

செய்யக்கூடியவை எளியவையே. பிடித்த ஒரு மணி நேரத்தில் பிரிவு, இடம், தொகை, மீட்கும் முறை ஆகியவை உரிமையாளரின் கைபேசிக்குப் போக வேண்டும். சலானை அனுப்பத் தெரிந்த துறைக்கு இது கடினமில்லை. 2020-இன் ஏற்பாட்டைச் சிறு மீறல்களுக்கு நிரந்தரமாக்கலாம். சான்றுக்காக மட்டும் பிடித்த வண்டியைப் படமெடுத்த அன்றே பத்திரத்தின் பேரில் விடலாம். நாற்பத்துநான்கு நாள் கெடு தாண்டினால் அதற்குப் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் அரசு உரிமையாளருக்கு ஒரு தொகை தர வேண்டும் என்று விதி எழுதலாம். தாமதத்தின் செலவு இன்று முழுக்கக் குடிமகன் பக்கம் விழுகிறது. அதில் ஒரு பங்கு அரசின் கணக்கில் விழத் தொடங்கினால், கோப்புகள் தாமாகவே நகரும்.